அணி போனது, கடன் நின்றது: செயின்ட் லூயிஸ் நகரமும் ராம்ஸ் குத்தகையும்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள செயின்ட் லூயிஸ், ஒரு கால்பந்து அணிக்காகப் பொதுப்பணத்தில் ஸ்டேடியம் கட்டியது. ராம்ஸ் என்ற அணி வந்து, 21 பருவங்கள் ஆடிவிட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. அணி போன பிறகும் ஸ்டேடியக் கடனுக்கான தவணை ஓடிக்கொண்டிருந்தது. நகரம் வழக்குப் போட்டது. ஐந்தாம் ஆண்டில் 79 கோடி டாலர் சமரசத் தொகை கிடைத்தது. இதில் பங்கெடுத்த உரிமையாளர்கள், அதிகாரிகள், வழக்கறிஞர்கள் யாருடைய பெயரும் இங்கே இல்லை. என் கவனம் அவர்கள் கையெழுத்திட்ட காகிதங்கள் மீதுதான்.

ஹெல்மெட் போட்டு முட்டை வடிவப் பந்தை எறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இது கணக்கு வழக்கு சம்பந்தப்பட்ட கதை.

பின்னணி: ஸ்டேடியத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை

இந்த ஆட்டத்தின் முதன்மையான தொழில்முறை லீகான என்எஃப்எல்-லில் 32 அணிகள். தேசிய அளவில் வரும் பணத்தை, குறிப்பாகத் தொலைக்காட்சி ஒப்பந்தப் பணத்தை, எல்லா அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. பொதுமக்கள் பங்குதாரர்களாக இருக்கும் ஒரே அணி கிரீன் பே பேக்கர்ஸ். அது ஆண்டுதோறும் கணக்கை வெளியிடுவதால் இந்தப் பங்கு எவ்வளவு என்று வெளியுலகுக்குத் தெரிகிறது. 2022-ல் முடிந்த நிதியாண்டில் 34.7 கோடி டாலர். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே ஊருக்கும் நியூயார்க் அணிக்கும் ஒரே தொகைதான். டிக்கெட் வசூலில் 34 சதவீதம் வெளியூர் அணிகளின் பங்காகப் போய்விடும். வீரர்களின் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அதனால் அந்தச் செலவும் அணிக்கு அணி பெரிதாக மாறுவதில்லை.

அப்படியானால் ஒரு உரிமையாளர் இன்னொருவரைவிட அதிகம் சம்பாதிப்பது எப்படி? சொகுசு அறைகள், ஸ்டேடியத்தின் பெயரை விற்பது, விளம்பரப் பலகைகள், வாகன நிறுத்தம் ஆகியவற்றில் வரும் வருமானத்தின் பெரும்பகுதியைப் பங்கு போட வேண்டியதில்லை. அது ஸ்டேடியத்தைப் பொறுத்தது. நல்ல ஸ்டேடியம் கிடைத்தால், அதையும் அடுத்தவர் காசில் கட்டிக் கொடுத்தால், வரவு முழுக்க உரிமையாளர் பைக்குத்தான் போகும். இது புரிந்தால் பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் புரியும்.

இன்னொரு விஷயம். 1995 முதல் 2015 வரை, அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரமான லாஸ் ஏஞ்சலஸில் ஒரு என்எஃப்எல் அணிகூட இல்லை. காலியாகக் கிடந்த அந்த ஊரைக் கைகாட்டியே பல உரிமையாளர்கள் தங்கள் ஊர்களில் புதிய ஸ்டேடியம் வாங்கிக்கொண்டார்கள்.

1988 முதல் 1995 வரை: ஏக்கத்தில் போட்ட கையெழுத்து

செயின்ட் லூயிஸுக்கு ஏற்கெனவே ஒரு அணி இருந்தது. புதிய ஸ்டேடியம் கிடைக்கவில்லை என்று கார்டினல்ஸ் அணி 1988-ல் அரிசோனாவுக்குப் போய்விட்டது. அந்த இழப்பு ஊரின் மனத்தில் ஆறாத புண்ணாகத் தங்கியது. புதிய அணி எதுவும் உறுதியாகாத நிலையிலேயே கூரை போட்ட ஒரு ஸ்டேடியத்தைக் கட்டத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை பார்ப்பதற்கு முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டியதுபோல.

செலவு சுமார் 28 கோடி டாலர். கடன்பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டினார்கள். தவணையும் பராமரிப்புமாக ஆண்டுக்கு 2.4 கோடி டாலர். மாநில அரசு 1.2 கோடி, நகரம் 60 லட்சம், நகரத்தைச் சுற்றியிருந்தும் நிர்வாகத்தில் தனியான செயின்ட் லூயிஸ் கவுன்டி 60 லட்சம் என்று பொறுப்பேற்றார்கள். 1993-ல் லீக் இரண்டு புதிய அணிகளை அறிவித்தபோது அவை சார்லட்டுக்கும் ஜாக்சன்வில்லுக்கும் போயின. செயின்ட் லூயிஸில் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது, ஆட அணி இல்லை.

இந்த நிலையில்தான் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியுடன் பேச்சு நடந்தது. எதிரே இருப்பவருக்கு எவ்வளவு அவசரம் என்று தெரிந்துகொண்டு பேரம் பேசுபவருக்கு எல்லாம் கிடைக்கும். கிடைத்தது. பயிற்சி மைதானத்தைக்கூட குத்தகையின் கடைசியில் ஒரு டாலருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை அணி பெற்றது. (அந்த வரியும் பின்னால் தனி வழக்காயிற்று.) 1995 மார்ச்சில் மற்ற உரிமையாளர்கள் இந்த இடமாற்றத்தை நிராகரித்தார்கள். வழக்கு வரும் என்ற பேச்சும், அணி தருவதாகச் சொன்ன கூடுதல் பணமும் சேர்ந்து, அடுத்த மாதமே முடிவை மாற்றின.

30 ஆண்டுக் குத்தகையில் முக்கியமான பிரிவு ஒன்று இருந்தது. ஸ்டேடியம் 2005-லும் 2015-லும் லீகின் "முதல் தர" ஸ்டேடியங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் தரம் என்றால் மேல் கால்வாசிக்குள். மொத்தமாகப் பார்த்தாலும் சரி, பகுதி பகுதியாகப் பார்த்தாலும் சரி. இல்லாவிட்டால் நீண்ட குத்தகை ஆண்டுக் குத்தகையாக மாறிவிடும், அணி விரும்பினால் கிளம்பலாம்.

இந்தப் பிரிவை நான் பலமுறை படித்திருக்கிறேன். இது ஸ்டேடியத்தை நன்றாகப் பராமரிக்கச் சொல்லவில்லை. மற்ற எல்லா நகரங்களோடும் போட்டிபோட்டு முதல் எட்டு இடத்துக்குள் நிற்கச் சொல்கிறது. டாலஸ் நகரில் ஒருவர் பெரிய ஸ்கோர்போர்டு வைத்தால் செயின்ட் லூயிஸின் தரம் தானாகக் குறையும். 1995-க்கும் 2010-க்கும் இடையில் லீகின் பாதிக்கும் மேற்பட்ட அணிகள் புதிய கட்டிடங்களுக்குக் குடியேறின. செயின்ட் லூயிஸ் ஸ்டேடியத்தில் ஒரு செங்கல்கூட உதிரவில்லை, ஆனாலும் அது பட்டியலில் இறங்கிக்கொண்டே வந்தது.

வாடகை ஏன் கடனை அடைக்கும் அளவுக்கு இல்லை என்ற கேள்வி வரும். அதற்கு 1986-ல் வந்த மத்திய வரிச் சட்டத் திருத்தமும் ஒரு காரணம். தனியார் பயன்படுத்தும் கட்டிடத்துக்கான கடன்பத்திரத்துக்கு வரிவிலக்கு வேண்டும் என்றால், தவணையில் 10 சதவீதத்துக்கு மேல் அந்தத் தனியாரிடமிருந்து வரக்கூடாது. பொதுப்பணம் தனியாருக்குப் போவதைத் தடுக்கக் கொண்டுவந்த விதி இது. நடைமுறையில் தலைகீழாகிவிட்டது. வரிவிலக்கை விட மனமில்லாத நகரங்கள் வாடகையைக் குறைத்துவிட்டு, மீதியைப் பொது வரியிலிருந்து கட்டத் தொடங்கின.

2005 முதல் 2013 வரை: முதல் எச்சரிக்கையும் நடுவர் தீர்ப்பும்

அணி 2000 ஜனவரியில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது. அந்த மகிழ்ச்சியில் குத்தகைப் பிரிவு பொதுமக்களின் பேச்சிலிருந்து மறைந்துபோனது. 2005 கெடு வந்தபோது ஸ்டேடியம் மேல் கால்வாசியில் இல்லை. சுமார் 3 கோடி டாலர் மேம்பாட்டு வேலைகளுக்கு ஈடாக அணி அந்த முறை தன் உரிமையை விட்டுக்கொடுத்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். இந்த வழக்கில் தவறவிட்ட மிகப் பெரிய வாய்ப்பு இதுதான் என்பது என் கருத்து. 3 கோடி கொடுக்கும்போது 2015 கெடுவையும் மாற்றி எழுதக் கேட்டிருக்கலாம். அப்போது உரிமையாளர் போகும் எண்ணத்தில் இல்லை, பேசக்கூடிய நேரம் அது.

2008-ல் அந்த உரிமையாளர் காலமானார். வாரிசுகள் விற்க முன்வந்தார்கள். ஏற்கெனவே 40 சதவீதம் வைத்திருந்த சிறுபான்மைப் பங்குதாரர், வேறொருவர் கொடுத்த விலைக்கு ஈடுகொடுத்து 2010-ல் அணி முழுவதையும் தன்வசமாக்கினார். மதிப்பு சுமார் 75 கோடி டாலர். அவர் மிசூரி மாநிலத்துக்காரர், பெரிய நிலவணிகர். அணியை செயின்ட் லூயிஸிலேயே வைத்திருக்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று பொதுவெளியில் சொன்னார். அந்தச் சொல்லை யாரோ பத்திரமாக எடுத்து வைத்தார்கள். அது பின்னால் உதவியது.

2012-ல் ஸ்டேடியத்தை நடத்தும் ஆணையம் 12.4 கோடி டாலர் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைக் கொடுத்தது. அதில் பாதிக்குச் சற்று மேல் அணியே தர வேண்டும் என்றது. அணியின் மாற்றுத் திட்டமோ சுமார் 70 கோடி டாலருக்கு வந்தது. கட்டிடத்தின் ஒரு பக்கத்தையே பிரித்துக் கட்டுவதுபோன்ற வேலை. விவகாரம், நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்த்துவைக்கும் மூன்று நடுவர்களிடம் போயிற்று. 2013 பிப்ரவரியில் அணியின் திட்டமே குத்தகையின் சொற்களை நிறைவேற்றுகிறது என்று தீர்ப்பு வந்தது.

அந்த ஆண்டு ஜூலையில் ஆணையம் 70 கோடி செலவிட மறுத்தது. இந்த மறுப்பு சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஏற்கெனவே கட்டியதற்கே கடன் மிச்சம். மேலும் 70 கோடி போட்டாலும் குத்தகை 2025-ல் முடிந்துவிடும். பத்தாண்டுக்காக மூலச்செலவைப்போல இரண்டரை மடங்கு கொடுக்க எந்த நகரத்துக்கும் நியாயம் இல்லை. ஆனால் விளைவு தெளிவு: 2014 பருவம் முடிந்ததும் அணிக்குக் கதவு திறந்துவிட்டது.

2014 முதல் 2016 வரை: இரண்டு ஊர்களில் இரண்டு திட்டங்கள்

2014 ஜனவரியில் உரிமையாளர் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இங்கில்வுட் என்ற ஊரில், பழைய ஹாலிவுட் பார்க் குதிரைப் பந்தய மைதானத்தை ஒட்டி 60 ஏக்கர் வாங்கியது செய்தியாயிற்று. ஓராண்டு கழித்து, பந்தய மைதான நிலத்தோடு சேர்த்து சுமார் 300 ஏக்கரில் ஸ்டேடியம் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது.

மிசூரி ஆளுநர் (அங்கே ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம் ஊர் முதல்வர் மாதிரி) 2014 நவம்பரில் இருவர் குழு ஒன்றை அமைத்தார். 2015 ஜனவரியில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் 64,000 இருக்கைகள் கொண்ட திறந்தவெளி ஸ்டேடியத்துக்கு வரைபடம் வந்தது. மதிப்பீடு 100 கோடி டாலரைத் தொட்டது, பின்னர் 110 கோடி ஆனது. கட்டாத ஸ்டேடியத்தின் பெயரை 15.8 கோடி டாலருக்கு வாங்க ஒரு வாடகைக் கார் நிறுவனமும் முன்வந்தது. 2015 டிசம்பரில் நகரமன்றம் 17-க்கு 10 என்ற வாக்கில் நகரின் பங்கான 15 கோடிக்கு ஒப்புதல் தந்தது. இதற்குள் திட்டத் தயாரிப்புக்கு மட்டும் 1.6 கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம் செலவாகியிருந்தது.

குடியேற வேண்டிய அணியோ இந்த மேசைக்கு வரவே இல்லை. நகரத்தை இதைச் செய்யத் தூண்டியது லீக்தான் என்பது பின்னால் நகரத்தின் வாதமாயிற்று. லீகிடம் அணிகளின் இடமாற்றத்துக்கென ஒரு எழுத்துபூர்வக் கொள்கை இருந்தது. 1984-ல் எழுதியது. ஓக்லண்ட் ரைடர்ஸ் அணி லீகின் சம்மதம் இல்லாமலே லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய், நீதிமன்றத்திலும் வென்றதன் விளைவாகப் பிறந்தது. இருக்கும் ஊரிலேயே தங்க அணி நல்லெண்ணத்தோடு முயல வேண்டும் என்பது அதன் சாரம்.

2016 ஜனவரி தொடக்கத்தில் அணி இடமாற்ற விண்ணப்பம் கொடுத்தது. செயின்ட் லூயிஸின் பொருளாதாரம் பின்தங்கிவிட்டது, இந்தத் திட்டத்தை ஏற்கும் எந்த அணியும் நிதியில் நொடித்துப்போகும் என்று அதில் எழுதியிருந்தது. 21 ஆண்டுகள் டிக்கெட் வாங்கிய ஊரைப் பற்றிய வரிகள் அவை. அந்த ஊர் மக்களுக்கு அணி போனதைவிட அந்த விண்ணப்பம்தான் அதிகம் வலித்தது.

ஜனவரி 12 அன்று ஹூஸ்டனில் உரிமையாளர்கள் கூடினார்கள். லீகின் ஆறு பேர் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் கார்சனில் வேறு இரண்டு அணிகள் முன்வைத்த திட்டத்தை 5-க்கு 1 என்று பரிந்துரைத்திருந்தது. அப்புறம் ரகசிய வாக்கெடுப்பில் காற்று மாறியது. மாலையில் 30-க்கு 2 என்ற வாக்கில் ராம்ஸ் இடமாற்றம் நிறைவேறியது. இடமாற்றக் கட்டணம் 55 கோடி டாலர். அந்தப் பணம் மற்ற உரிமையாளர்களுக்குப் போயிற்று, செயின்ட் லூயிஸுக்கு ஒரு டாலரும் இல்லை. ஸ்டேடியக் கடனில் 10 கோடி டாலருக்கு மேல் அப்போதும் பாக்கி.

2017 முதல் 2021 வரை: வழக்கு

2017 ஏப்ரலில் நகரமும் கவுன்டியும், ஸ்டேடியத்தின் சொந்தக்காரரான ஸ்டேடிய ஆணையமும் (அதை நடத்தும் ஆணையம் வேறு, இது வேறு) சேர்ந்து லீகின் மீதும் எல்லா அணிகள் மீதும் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. குத்தகையை வைத்து வாதாட முடியாது, அதில் அணி ஜெயித்துவிட்டது. எனவே லீகின் சொந்த இடமாற்றக் கொள்கையையே ஆதாரமாக எடுத்தார்கள். அந்தக் கொள்கை நகரங்களின் நலனுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது, அதை மீறியது ஒப்பந்த மீறல் என்பது வாதம். கூடவே, போகும் முடிவை எடுத்துவைத்துக்கொண்டு தங்குவதுபோலப் பேசியது மோசடி என்றார்கள். 2010-ல் உரிமையாளர் சொன்ன சொல்லும் 2015-ல் செலவான கோடிகளும் இங்கே சாட்சியாயின.

வழக்கறிஞர்களுக்கு முன்பணம் கிடையாது, வென்றால் 35 சதவீதம் என்று ஏற்பாடு. பின்னால் இந்தச் சதவீதத்தைப் பலர் குறை சொன்னார்கள். ஆனால் 2017-ல் இந்த வழக்கு வெல்லும் என்று நம்பியவர்கள் மிகக் குறைவு. ஏற்கெனவே கோடிகளை இழந்திருந்த ஊர், ஆண்டுக்கணக்கில் கட்டணம் கொடுத்து இதை நடத்தியிருக்க முடியாது.

விவகாரத்தை மூடிய அறைக்குள் நடுவர்களிடம் கொண்டுபோக எதிர்த்தரப்பு முயன்றது. மிசூரி நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. வழக்கை வேறு ஊருக்கு மாற்றக் கேட்டதும் நடக்கவில்லை. அதாவது, அணியை இழந்த ஊரின் மக்களே ஜூரியாக உட்காரப்போகிறார்கள்.

திருப்பம் 2021-ல் வந்தது. தண்டனை இழப்பீடு (நட்டத்துக்கு மேல் தண்டனையாக விதிக்கும் தொகை) கணக்கிட வேண்டியிருக்கலாம் என்பதால், சில உரிமையாளர்கள் தங்கள் சொத்து விவரங்களைத் தர வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். தாமதித்தவர்களுக்கு அபராதமும் விதித்தார். தங்கள் கணக்கு வெளியே தெரிவதை இந்த உரிமையாளர்கள் எவ்வளவு வெறுப்பார்கள் என்பதற்கு ஒன்று சொல்லலாம்: முன்னே சொன்ன கிரீன் பே தவிர ஒரு அணியும் கணக்கை வெளியிடுவதில்லை. விசாரணைக்கு 2022 ஜனவரி 10 என்று நாள் குறித்தாயிற்று. 2021 நவம்பர் 24 அன்று 79 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று.

விளைவு: கணக்கு

வழக்கறிஞர் பங்கு சுமார் 27.6 கோடி போக, மூன்று அரசு அமைப்புகளுக்கும் சேர்த்து 51 கோடிக்குச் சற்று மேல் மிஞ்சியது. அதைப் பிரிக்கவே ஓராண்டு பிடித்தது. 2022 நவம்பரில் நகரத்துக்குச் சுமார் 25 கோடி, கவுன்டிக்கு 16.9 கோடி, ஸ்டேடிய ஆணையத்துக்கு 7 கோடி, மாநாட்டு மைய விரிவாக்கத்துக்கு 3 கோடி என்று வட்டியும் சேர்த்து முடிவானது. தவணையில் பாதியைக் கட்டிவந்த மாநில அரசு இந்த வழக்கில் மனுதாரர் அல்ல, அதற்கு நேரடிப் பங்கு இல்லை. இருக்கை உரிமம் (பருவ டிக்கெட் வாங்கும் உரிமைக்காகவே தனியாகக் கட்டும் பணம்) வாங்கியிருந்த ரசிகர்கள் தனியாக வழக்குப் போட்டு ஒரு தொகை பெற்றார்கள்.

நகரம் தன் பங்கை உடனே செலவழிக்கவில்லை. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள், நகரமன்றத்தில் விவாதம் நீண்டது. 2025 மே மாதம் ஒரு பெரும் சூறாவளி நகரின் வடபகுதியைப் பிய்த்தெறிந்தபோது, சேர்ந்திருந்த வட்டியிலிருந்து 3 கோடி டாலர் நிவாரணத்துக்குப் போயிற்று.

இப்போது மறுபக்கம். ஃபோர்ப்ஸ் இதழின் கணக்கில் ராம்ஸ் அணியின் மதிப்பு 2015-ல் 145 கோடி டாலர், 2016-ல் 290 கோடி. ஊர் மாறியதில் ஒரே ஆண்டில் 145 கோடி ஏறியிருக்கிறது. இடமாற்றக் கட்டணம் 55 கோடி, சமரசம் 79 கோடி, இரண்டையும் கூட்டினால் 134 கோடி. சமரசத் தொகையில் ஒரு பகுதியை மற்ற அணிகளும் பகிர்ந்துகொண்டன. புதிய ஸ்டேடியத்துக்கு உரிமையாளர் தரப்பு 500 கோடிக்கு மேல் தனியார் பணம் போட்டது உண்மைதான். அது 2020-ல் திறந்தது, 2022 பிப்ரவரியில் அங்கேயே ராம்ஸ் சூப்பர் பவுல் வென்றது. ஆக, வரலாறு காணாத சமரசத் தொகையும்கூட அணி இடம் மாறியதை நட்டமாக்கவில்லை.

மீண்டும் செய்தால் எதை மாற்றுவது

முதலில், ஒப்பீட்டுப் பிரிவு கூடவே கூடாது. ஆண்டுக்கு இவ்வளவு டாலர் பராமரிப்பு, பத்தாண்டுக்கு ஒருமுறை இவ்வளவு டாலர் மேம்பாடு என்று எண்ணில் எழுதலாம். எண்ணாக எழுதினால் எவ்வளவு இழப்போம் என்று முன்பே தெரியும்.

கடனும் குத்தகையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். இங்கே கடனுக்கு 30 ஆண்டு, அணிக்கு மட்டும் நடுவில் வாசல். அணி முன்கூட்டியே போனால் மிச்சக் கடன் அணியைச் சேரும் என்று ஒரு வரி இருந்திருந்தால், 2016-ல் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும். 1995-ல் அந்த வரியைக் கேட்டிருந்தால் அணி வந்திருக்காது என்பார்கள். இருக்கலாம். கட்டிடத்தை முதலில் கட்டிவிட்டு அணியைத் தேடியதால்தான் கேட்கும் பலம் இல்லாமல் போயிற்று. வரிசையை மாற்றியிருந்தால், அணி கிடைக்காத நிலையிலும் நகரத்துக்குக் கடன் இருந்திருக்காது.

2015-ன் ஆற்றங்கரைத் திட்டத்தைப் பற்றி எனக்கு இன்னும் இரண்டு மனம்தான். கையெழுத்திடாத அணிக்காக 1.6 கோடி செலவழித்தது தவறு என்று தோன்றுகிறது. அதே செலவு இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் காட்ட இழப்பே இருந்திருக்காது. ஒன்று மட்டும் செய்திருக்கலாம்: செலவைத் தொடங்கும் முன்பே, இந்தத் திட்டத்தை உண்மையாகப் பரிசீலிப்போம் என்று லீகிடம் எழுத்தில் வாங்கியிருக்கலாம்.

கடன்பத்திரங்களின் காலம் முடிந்துவிட்டது. ஸ்டேடியம் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. வசந்தகால லீகில் ஆடும் பேட்டில்ஹாக்ஸ் என்ற சிறிய அணிக்கு அங்கே 35,000 பேருக்கு மேல் திரண்ட நாட்கள் உண்டு. சமரசத் தொகையில் ஸ்டேடிய ஆணையத்துக்கு வந்த 7 கோடி டாலர், அந்தக் கட்டிடத்தின் பராமரிப்புக்காக ஒதுக்கப்பட்டது.